மர்மம் என்று போடு

மாலைப் பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதுவது, பதில் தெரியாத இடத்திலெல்லாம் 'மர்மம்' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற தொழில். எங்கள் செய்தி ஆசிரியருக்கு அந்தச் சொல் இல்லாத தலைப்பு உப்பில்லாத சாம்பார் மாதிரி. காசு கொடுத்து வாங்கிப் படித்த உங்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பழக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

மர்ம ஆசாமி

மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிய தெருக்களில் மத்தியான வேளைகளில் ஒருவர் வீடு வீடாக எட்டிப் பார்ப்பதாகப் புகார். 'மயிலையில் மர்ம ஆசாமி நடமாட்டம்' என்று போட்டோம். மறுநாளே தெருக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். நான் போனபோது மின்கம்பத்தில் கட்டிவைத்திருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாயோரம் ரத்தம். வேட்டி அவிழ்ந்து கிடந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார். யாரிடமும் சண்டை போடவில்லை. முதலில் வேட்டியைச் சரி செய்தார், பிறகு கயிற்றை அவிழ்த்தார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இப்போது ஞாபகம் போய்விட்டது என்றார். கிளம்பும்போது எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அவர் உங்காத்தை நோட்டம் பாக்க வரலை. எங்காத்து வாசல் எதுன்னு தேடிண்டிருந்தார்."

மர்மக் காய்ச்சல்

அடையாறு ஆற்றோரக் குடிசைகளில் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் இறந்தன. நான் 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் 'மர்மக் காய்ச்சல்' ஆகிவிட்டது. மறுநாள் அங்கே போனால், குழந்தையைப் பறிகொடுத்த செல்வி என்னை உட்காரச் சொன்னாள். அடிபம்பில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தாள். குடிக்கத்தான் தருகிறாள் என்று கை நீட்டினேன். மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தது.

"மோந்து பாத்தியா நைனா? இதுல இன்னா மர்மம் கீது?"

மர்மப் பெட்டி

தி. நகர் பேருந்து நிலையத்தில் கேட்பாரற்று ஒரு தகரப் பெட்டி. கடைகளை அடைத்து, ஜனங்களை விரட்டி, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து தூரத்திலிருந்தே அதை வெடிக்கவைத்து உடைத்தார்கள். உள்ளே இருந்து பள்ளிச் சீருடை, கல்யாண போட்டோ, ரேஷன் அட்டை எல்லாம் கிழிந்து பறந்தன.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்காரர் ஓடி வந்தார். காலையில்தான் ஆற்றோரத்து வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே இடம் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைப் பேருந்தில் ஏற்ற விடவில்லை. ஷேர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். அதிகாரி அவரைக் கண்டபடி திட்டினார். அவர் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கியபடியே சொன்னார்: "வூட்ட இடிச்சீங்க. மிச்சம் இருந்தது இந்தப் பொட்டிதான் சார்."

மர்மச் சாவு

அசோக் நகர் அடுக்குமாடி வீடு ஒன்றில் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண் இறந்து கிடந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றான் கணவன். போலீஸ் விசாரிப்பதாகச் சொன்னது. 'இளம்பெண் மர்மச் சாவு' என்று வந்தது.

அவளுடைய அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "தினம் அடிச்சான் சார். அன்னிக்கு ஜாஸ்தியா அடிச்சிட்டான். நீங்க மர்மம்னு போட்டா அவனுக்குத்தானே வசதி?" நான் அவரை உட்காரவைத்து, சொன்னதை எல்லாம் 'தந்தை புகார்' என்று எழுதினேன். எப்படியோ ஒரு மூலையில் வந்துவிட்டது. அதைப் படித்த எதிர்வீட்டு அம்மா, தினமும் காதில் விழுந்த அலறலைப் போலீசில் போய்ச் சொன்னார். கணவன் கைதானான்.

அன்றைக்கு எங்கள் தலைப்பு: 'மர்மச் சாவில் திடீர் திருப்பம்!' சாயங்காலம் அப்பா போன் செய்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"திருப்பம்லாம் ஒண்ணும் இல்ல சார். நான் மொத நாளே சொன்னதுதான்."

இத்தனை வருடங்களில் நான் எழுதிய மர்மங்களில் சம்பந்தப்பட்டவர்களுக்கு விடை தெரியாதது ஒன்றுகூட இல்லை. ஏன் அவர்களைக் கேட்காமலே அச்சுக்குப் போனோம் என்பதுதான், வாசகர்களே, எனக்கு இன்றைக்கும் விளங்காத மர்மம்.