பிரபு குதிரையில் ஏறிய படிக்கட்டு

மொர்வால் வேட்டைக் கோட்டையைச் சுற்றிக் காட்டும் ஒதிலோன் பெரோஷேவுக்குப் பத்தொன்பது வருட அனுபவம். தன் சரித்திர அறிவு பத்தொன்பது நிமிடத்துக்குத்தான் தாங்கும், அதனால்தான் நடையை வேகமாகப் போடுகிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வருடத்தில் மூன்று வாரம் மான் வேட்டையாடுவதற்காக ஒரு பிரபு கட்டிய கோட்டை அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நடுக்கூடத்துச் சுழல்படிக்கட்டு ஏன் இவ்வளவு அகலம், படிகள் ஏன் இவ்வளவு தாழ்வு என்று ஒரு பல் டாக்டர் கேட்டார். மேலே இருபத்திரண்டு கணப்புகளுக்கு விறகு சுமந்தவர்களுக்காகக் கட்டியது என்று ஒதிலோனுக்குத் தெரியும். ஆனால் விறகைக் கேட்டு யார் வாய் பிளப்பார்கள்? வேட்டை முடிந்த களைப்பில் பிரபு குதிரையை விட்டு இறங்காமலே படுக்கையறைக்குப் போவார் என்று எடுத்துவிட்டார். பல் டாக்டரே வாய் பிளந்தார்.

அன்றிலிருந்து பிரபு நாளுக்கு நான்கு முறை குதிரையில் ஏறினார். நிஜத்தில் அவர் கீல்வாதம் முற்றிப் படுக்கையிலேயே போனவர்.

இந்த நவம்பரில், வேட்டைக்காரர்களின் காவலரான ஊபேர் புனிதரின் திருநாளன்று, பாதிரியார் வேட்டைநாய்களை ஆசீர்வதித்து முடித்தார். உடனே பிரபுவின் வம்சத்தில் வந்தவரும் கோட்டைக்குச் சொந்தக்காரருமான எர்மின் மதாம், அறுபத்தெட்டு வயதில், குதிரையை வாசலை நோக்கித் திருப்பினார். முன்னோரைப் போலத் தானும் குதிரையிலேயே படியேறப்போகிறாராம். வழவழத்த கல், இரும்பு லாடம். ஒதிலோன் முன்னால் ஓடினார். இந்த அம்மாள் கழுத்து முறிந்தால் அது தன் வாய் செய்த கொலை. வேலை போனால் போகட்டும் என்று கடிவாளத்தைப் பிடித்து, ஊரே கேட்க, எல்லாம் தன் கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டார்.

மதாம் பரிவோடு குனிந்து பார்த்தார்.

"உங்களுக்கு அவ்வளவு கற்பனை ஏது, ஒதிலோன்? எங்கப்பாவே இதை எனக்குச் சொல்லியிருக்காரு."

அந்த அப்பாவுக்குச் சொன்னதும் ஒதிலோன்தான். பத்தொன்பது வருடப் பொய்யை ஊரே நம்பியது. வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மை சொன்னதற்கு அங்கிருந்த ஒரு நாய்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிரை முன்காலை வாசற்படியில் வைத்தது.

"பிரபு செத்ததே அந்தப் படியிலதான், மதாம்," என்றார் ஒதிலோன். "மூணாவது சுத்துல குதிரை வழுக்கிருச்சு. குடும்பத்துக்குக் கஷ்டமா இருக்குமேன்னு மறைச்சுட்டேன்."

மதாமின் முகம் வெளுத்தது. சிலுவை போட்டுக்கொண்டு, மறுபேச்சில்லாமல் இறங்கினார்.

அடுத்த ஞாயிறு பிரபுவின் ஆன்ம சாந்திக்குப் பூசை நடந்தது. மண்டியிட்டிருந்த ஒதிலோனின் தோளைத் தொட்டு, இத்தனை வருடம் எங்களுக்காக இதை மனதில் சுமந்தீர்களே என்று மதாம் நன்றி சொன்னார். ஒதிலோனுக்கு வெட்கத்தில் கண் கலங்கியது. மதாம் அதையும் விசுவாசம் என்றே எடுத்துக்கொண்டார்.