நாலாவது குவியல்

போன ஞாயிற்றுக்கிழமை, மந்தைவெளியில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் அண்ணாச்சி கடை. ஒரு பெண் தக்காளிக் கூடைக்குள் இரண்டு கையையும் விட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார். நாம் எல்லோரும் செய்வதுதானே… நல்லதாகப் பார்த்துப் பொறுக்குவது?

இவர் பொறுக்கவில்லை — பிரித்தார். கூடையைப் பார்க்காமலேயே.

"ஏம்மா, என்ன செய்யுத?" என்றார் அண்ணாச்சி.

"இது இன்னிக்கு, இது நாளைக்கு, இது நாளான்னிக்கு," என்று மூன்று குவியல்களைக் காட்டினார் அவர். "கை சும்மா இருக்க மாட்டேங்குது நைனா."

பெயர் கஸ்தூரி. திருவான்மியூர் பக்கம், ஹோட்டல்களுக்கு மொத்தமாகக் காய்கறி அனுப்பும் ஒரு கம்பெனியின் குடோனில் எட்டு வருஷம் தரம் பிரித்தவர். இப்போது அண்ணாச்சியிடம் வேலை கேட்டு வந்திருக்கிறார்.

"ரெண்டு குடோனை ஒண்ணாக்கிட்டாங்க சார். இன்னாமோ ரீஸ்ட்ரக்சரிங்காம். பிரிக்கிறதுக்கு மிஷின் வந்துகீது. எங்க செட்டு பொம்பளைங்கள மொத்தமா வேணாம்னுட்டாங்க," என்றார் என்னிடம்.

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் வந்தது. வயிற்றில் அடிப்பதற்கு எவ்வளவு நாசூக்கான பெயர்!

இதற்குள் ஒரு அம்மா 'இன்னிக்கு' குவியலில் ரசத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்னொருவர் 'நாளான்னிக்கு' ஒரு கிலோ. நானும் இரண்டு கிலோ. வியாபாரம் ஜோர். சரி, இவருக்கு வேலை நிச்சயம் என்றே நினைத்தேன்.

அண்ணாச்சி ஓரமாகக் கைகாட்டினார். கஸ்தூரி ஒதுக்கிய நாலாவது குவியல் அங்கே கிடந்தது. நசுங்கல், அழுகல்.

"இத யாரு வாங்குவா? கலந்து கெடந்தாத்தான் இதுவும் சேந்து வித்துப் போயிரும். நீ தொழில் தெரிஞ்சவ, இல்லங்கல. நமக்குத் தோதுப்படாதும்மா."

மிஷின் வந்ததால் அங்கே வேண்டாம். வேலை சுத்தமாக இருப்பதால் இங்கே வேண்டாம். இவர் எங்கேதான் போவார்?

கஸ்தூரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "வேற எங்கனா ஆள் கேட்டா சொல்லு சார். வீட்டு வாடகை கீது, ஸ்கூல் பீஸ் கீது."

"விசாரிக்கிறேன்," என்றேன். அவர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

வீட்டில் பையைக் கொட்டினால், ஒரு தக்காளிகூட அழுகலில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவருக்காக அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால்… நாளைக்கும் அண்ணாச்சியிடம்தானே நான் காய் வாங்க வேண்டும்?