‘ஓம்’ தெரியாத மென்பொருள்

யுத்தம் முடிந்த வருடம். சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாக வீடு கேட்பவர்களைப் பதியும் மென்பொருள் ஒன்றைக் கல்முனையில் மூன்று பேர் சோதித்துக்கொண்டிருந்தோம். எழுதித் தந்த படிகளை அப்படியே தட்டுவதுதான் வேலை. ஒருநாளும் பிழை வந்ததில்லை. அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எங்கள் பொறுப்பாளர், "படியப் பாக்காதீங்க. வீடு கேட்டு வந்த ஆக்கள் மாதிரி, மனம்போன போக்குல தட்டிப் பாருங்க," என்றார். இதுவும் ஒரு வேலையா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

வெளியே கச்சான், மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று. கணினித் திரை தண்ணீருக்குள் கிடப்பதுபோல மினுங்கியது. அரைத்தூக்கத்தில் எங்கள் வீட்டு விவரத்தையே பதிந்துகொண்டு போனேன். தாய் உயிருடன் இருக்கிறாரா என்று மென்பொருள் கேட்டது. படிகளில் எப்போதும் ‘ஆம்’ என்றுதான் இருக்கும். நான் எங்கள் ஊர்ப் பேச்சில் ஆமென்பதற்கு வாயில் வருவதுபோல ‘ஓம்’ என்று தட்டிவிட்டேன். ‘ஆம்’ அல்லாத எதுவும் அதற்கு ‘இல்லை’தான். உம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘இறந்தவர்’ என்ற சொல் மெல்ல மிதந்து வந்தது.

மற்ற இருவரும் கைதட்டினார்கள், முதல் பிழையைப் பிடித்துவிட்டேனாம். நான் வாசலுக்குப் போய் வீட்டுக்கு போன் எடுத்தேன்.

"உம்மா, ஊட்டயா இருக்கீங்க?"

காற்றின் இரைச்சலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"ஓம் மகள்."