மூன்று சதுரக் கூறை

பழைய சீலை எது வந்தாலும் நிசாந்தினி முதலில் ஓரத்திலிருந்து ஒரேயொரு நூலை நகத்தால் இழுத்தெடுப்பாள். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் பிடிப்பாள். உருகிக் கடுகுபோலத் திரண்டால் நைலெக்ஸ். அது வாசல் திரைக்கு. மயிர் கருகின மணத்தோடு சாம்பலாய் உதிர்ந்தால் பட்டு. அந்தச் சாம்பலைப் பெருவிரலால் நசுக்கிப் பார்த்து, விரலைச் சட்டையில் துடைத்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவாள்.

புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் தொடங்கிய தொழில். இறுப்பிட்டியில் அலுமாரிகளுக்குள் கிடந்த சீலைகள் அவள் கையால் குஷன் உறைகளாகி, சுவரில் மாட்டும் சட்டங்களாகி, கனடாவுக்கும் லண்டனுக்கும் போயின. தாலி கட்டும்போது உடுத்த கூறைச்சீலை மட்டும் வந்ததில்லை. கடைசி நாளில் தங்கள் உடலோடு எரிவதற்கென்று பெண்கள் அதைப் பத்திரமாய் வைத்திருப்பார்கள்.

ஆவணியில் கனடாவிலிருந்து வந்த கோபிகாதான் முதல் கூறையைக் கொண்டுவந்தாள். அவளுடைய தாய் யோகம்மாவின் கூறை. யோகம்மா ஆறு மாதமாய்ப் படுக்கை. நெடுந்தீவுக் கிறேசம்மாதான் கூட இருந்து பார்த்தார்.

"அம்மாட்டைக் கேட்டனீரோ?"

"அவவுக்கு இப்ப ஒண்டும் விளங்காது அக்கா. அலுமாரிக்க கிடந்து பூச்சி தின்னுறதுக்கு என்ர ஹோலிலை கிடக்கட்டும். ஆறு குஷன் தையுங்கோ. தலைப்பைச் சட்டம் போடுவம்."

இது கூறையல்லோ என்று சொல்ல நிசாந்தினி வாயெடுத்தாள். பெற்ற மகளுக்குத் தெரியாததா என்று விழுங்கிவிட்டாள். நூல் எரிந்தது. வெட்டினாள்.

தலைப்பும் மூன்று உறைகளும் மிச்சத் துணியும் கோபிகாவின் சூட்கேசில் போயின. மற்ற மூன்றையும் கனடாவுக்கு ஆள் போகும்போது கொடுத்துவிட வேண்டும். அதற்கிடையில், ஐப்பசி மழைக்குள் ஒரு விடியலில் யோகம்மா கண்ணை மூடினார்.

பத்து மணிக்கு யோகம்மாவின் மச்சாள் சறோஜினிதேவி குடையோடு வந்து படலையடியில் நின்றார்.

"பிள்ளை, அலுமாரியைக் கவிட்டுக் கொட்டியாச்சு, கூறையைக் காணேல்லை. உம்மட்டையோ வந்தது?"

"ஓம் மாமி. வெட்டிப்போட்டன்."

"உசிரோட கிடந்த மனுசியின்ர கூறையையோ?"

"மகள்தான் தந்தவ."

"அவள் தருவாள். அவள் பனிக்க இருக்கிறவள். நீர் இந்த ஊரிலைதானே இருக்கிறீர்?" சறோஜினிதேவி குடையை மடக்கினார். "எவ்வளவு மிச்சம்?"

"மூண்டு குஷன்."

"சவத்துக்கென்ன, முகம் துடைக்கிற லேஞ்சியோ கட்டிறது? மூண்டு மணிக்குத் தூக்கினம். அதுக்குள்ள சீலையாக்கித் தாரும்."

நிசாந்தினி பிளேட்டால் தையலைப் பிரித்தாள். பழைய பட்டு, ஊசி போன துளைகளிலெல்லாம் கிழியப் பார்த்தது. ஒரு உறையின் சிப்பைக் கழற்றவே ஏலவில்லை, விட்டுவிட்டாள். பின்பக்கத்துப் பருத்தியை நீக்கி, மூன்று பட்டுச் சதுரங்களையும் வரிசையாய்ப் பொருத்தினாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை வந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் துணி. சிப் இருந்த ஓரத்தைத் தானே போய் உடலுக்கடியில் செருகினாள்.

வீடியோக்காரன் எல்லாவற்றையும் கனடாவுக்கு நேரடியாய் அனுப்பிக்கொண்டிருந்தான். போனில் கோபிகா தலையிலடித்து அழுதாள். நடுவில் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்:

"அம்மாவுக்கு மேல என்ன போர்த்திருக்கினம்? நல்ல வடிவாக் கிடக்கு."

பாடை மழைக்குள் போனது. பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள்.

செத்த எட்டாம் நாள் எட்டுச்செலவு அன்று, கிணற்றடியில் சட்டி பானை தேய்த்துக்கொண்டிருந்தபோது கிறேசம்மா நிசாந்தினியிடம் சொன்னார்:

"மகள் பிளேன் ஏறின அடுத்தநாள் மனுசி கண்ணை முழிச்சு என்னட்டைக் கேட்டவ, என்ர கூறையை எத்தினை துண்டாய் வெட்டினவையெண்டு. நிசாந்தினியிட்டைக் கேட்டு வந்து சொல்லெண்டவ. நான் மறந்துபோனன், பிள்ளை."