கோபுரத்தில் காய்ந்த சட்டை

அவருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் அரை அங்குலம். பதினெட்டு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவஸ்தைப்பட்டவள் நான்; பெயர் பொருத்தமோ பொருத்தம். ஒரு கதவு அரை அங்குலம் குறைந்தாலும் வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து வரைவார். அவர் தலை தெரிந்தாலே கட்டட மேஸ்திரிகள் அளவு டேப்பை ஒளித்து வைப்பார்கள்.

தீயணைப்பு நிலையங்களும் காவல் துறைக் கட்டடங்களும் வரைவது எங்கள் பிரிவின் வேலை. மணி அடித்தால் வீரர் கட்டிலிலிருந்து வண்டிக்கு எத்தனை நொடியில் வர முடியும் என்று அவரே ஓடிப் பார்ப்பார். தொப்பையைக் குலுக்கிக்கொண்டு ஓடுகிற அழகைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். மனிதர் அசர மாட்டார். தீயணைப்பு நிலையத்துக்குள் எந்தக் கதவுக்கும் பூட்டு கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எரிகிற வீட்டில் ஆள் கத்திக்கொண்டிருக்கும்போது இங்கே ஒருவன் சாவி தேடக் கூடாது என்பார். வழக்குப் பொருட்களைப் பத்திரப்படுத்தும் போலீஸ் தடயக் கிடங்குக்கு நேர் எதிரான சட்டம்: பூட்டில்லாத கதவே கூடாது.

ஒரே மனையில் இரண்டையும் கட்டச் சொல்லி ஒரு வேலை வந்தது. பழைய தடயக் கிடங்கை நான்கு நாள் அலசிவிட்டு முகம் வெளிறித் திரும்பினார். ரத்தம் தோய்ந்த துணிகளை ஈரத்தோடு பொட்டலம் கட்டி வைத்திருந்தார்களாம். பிரித்தால் உள்ளே பூஞ்சை. அந்தத் துணியை வைத்து இனி யாரையும் தண்டிக்க முடியாது. புதுக் கிடங்கில் துணி காய வைக்கவென்றே எட்டடியில் ஒரு அறை வரைந்தார். காற்றிழுக்கும் விசிறி, கொக்கிகள், கதவுக்குப் பூட்டு. எங்கள் வழக்கப்படி பூட்டுள்ள கதவுக்கு வரைபடத்தில் ஒரு சின்னச் சிவப்பு வட்டம் போடுவோம். அதையும் போட்டார்.

அடித்தளம் தோண்டிய பிறகு, வாங்கப்போகிற தீயணைப்பு வண்டி நினைத்ததைவிட நீளம் என்று கடிதம் வந்தது. எங்காவது எட்டடி பிடித்துக் கொடு என்றார் மேலதிகாரி. மூன்று நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார் அரை அங்குலம். நான்காம் நாள் முகமெல்லாம் பல். தீயணைப்பு நிலையத்தில் நனைந்த துணிக் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்த நாற்பதடி உயரத்தில் ஒரு கோபுரம் உண்டு. தடயத் துணிகளும் அங்கேயே காயலாம், தனி அறை எதற்கு?

"ரெண்டும் ஈரந்தானே? ஒரே இடத்துல காயட்டும்" என்றார்.

பலே என்றேன் நான். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட்டேன். கோபுரத்தின் கதவு தீயணைப்பு நிலையத்தின் கதவு. அதனால் அதற்குப் பூட்டு இல்லை, சிவப்பு வட்டமும் இல்லை. வாழ்நாளெல்லாம் அரை அங்குலத்துக்குச் சண்டை போட்ட மனிதர் கண்ணுக்கும் அது படவில்லை, என் கண்ணுக்கும் படவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருடைய அக்காவின் ஒரே மகனை, வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்த தகராறில், கொட்டுகிற மழையில் அடித்தே கொன்றான் ஒருவன். பார்த்தவர் யாரும் இல்லை. பையனுடைய சட்டைக் காலரின் மடிப்புக்குள் அடித்தவனின் ரத்தம் மழைக்குத் தப்பி ஒட்டியிருந்தது. வழக்குக்கு இருந்த ஒரே பிடி அதுதான். கிடங்குக் காவலர் விதிப்படி அந்தச் சட்டையை உலர்த்தித்தான் பொட்டலம் கட்டினார். கோபுரத்தில் இரண்டு நாள் தொங்கியது சட்டை.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பூட்டில்லாத இடத்தில், பதினான்கு தீயணைப்பு வீரர்கள் போக வர இருந்த இடத்தில் தொங்கிய துணியை எப்படி நம்புவது? இப்போது கதவில் ஒரு பூட்டு இருந்தது. பேச்சு கிளம்பியதும் யாரோ அவசரமாக மாட்டியது. எப்போது மாட்டினார்கள் என்பதற்குக் குறிப்பில்லை, விசாரித்தால் ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். முதலிலிருந்தே பூட்டு இருந்ததா என்பதை வரைந்தவர் வந்து சொல்லட்டும், வரைபடத்தையும் கொண்டுவரட்டும் என்றது நீதிமன்றம்.

அவர் அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுநாள் அந்த அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"பூட்டு இருந்துச்சுன்னு சொல்லிடுடா. வரைஞ்சவன் நீ. நீ சொன்னா யாரு இல்லேங்கப் போறா?"

அவர் தலை குனிந்தபடி பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கோப்பு என் அலமாரியில் இருந்தது. எடுத்து மேசையில் விரித்தேன், சிவப்புப் பேனாவைத் திறந்தேன். ஒரு மிளகு அளவு வட்டம், அவ்வளவுதான். நான் தயங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாவி கம்பி எண்ண வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்தது என்பது வேறு உறுத்தியது. அவர் மெதுவாக என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினார்.

"இன்னிக்கு இதுல ஒரு வட்டம் போட்டா, நாளைக்கு நான் வரைஞ்ச எந்தக் கிடங்கையும் யாரும் நம்ப மாட்டாங்க. எல்லா ஊர்லயும் யாரோ ஒருத்தரோட சட்டை இருக்கு, மேடம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நியாயம் பேச வந்துட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே கோப்பைக் கட்டினேன்.

சாட்சிக் கூண்டில் ஏறிய அவரிடம் வக்கீல் வரைபடத்தை விரித்து, கதவைக் காட்டி, பூட்டு உண்டா என்று கேட்டார். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"இல்லை" என்றார். "நான் போடலை. அது என் தப்பு."

மூன்று வாரத்தில் அவன் விடுதலையானான். வெளியே வந்தவன் நீதிமன்ற வாசலில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு போனதை நான் பார்த்தேன்.

வழக்கு முடிந்தால் பொருட்களை உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். சட்டை அக்காவிடம் வந்தது. ஒரு மாதம் அவர் கூப்பிட்டும் அக்கா போனை எடுக்கவில்லை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னைத் துணைக்கு அழைத்தார். ஐம்பத்தாறு வயது மனிதர், என் பின்னால் ஒளிந்துகொண்டு படியேறினார்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே நடு அறையில், சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் அந்தச் சட்டை மட்டும் தொங்கியது. அக்கா அதைத் துவைத்திருந்தார். பரிசோதனைக்காகக் காலர் மடிப்பு வெட்டி எடுக்கப்பட்ட இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. துணி எப்போதோ காய்ந்து விறைத்திருந்தது. அக்கா அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இவர் வாசலிலேயே நின்று, "அக்கா, அது காஞ்சிடுச்சு. எடுத்து உள்ள வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "இங்க யாரும் வந்து தொட மாட்டாங்க."