ஜன்னல்காரரின் தங்கை வீடு

எங்கள் வீட்டு வசதி வாரிய அலுவலகத்தில் அவருக்கு ஜன்னல்காரர் என்றே பெயர். கட்டட வரைபடம் போடுவது அவர் வேலை. சொந்த வீட்டுக்கு ஒரு படம் போட்டுக் கொடுங்கள் என்று யாராவது போய் நின்றால், எத்தனை அறை என்று கேட்கமாட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்பார். மனுஷன் சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவார், ஜன்னல் இல்லாமல் இருக்கமாட்டார் என்று கிண்டலடிப்போம். அவருடைய அப்பா இருமி இருமிச் செத்தது ஜன்னலே இல்லாத ஒரு குடோன் அறையில். அதைச் சொல்லி அவர் அழுததில்லை. ஜன்னலாக வரைந்து தீர்த்துக்கொண்டார்.

ஆற்றோரத்துக் குடும்பங்களுக்காக எட்டு மாடிக் கட்டடங்கள் கட்ட முடிவானபோது, படம் அவர் கைக்கு வந்தது. ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பிள்ளைகள் பந்து விளையாடும் அளவுக்கு இடம் விட்டார். வெயில் தரைத்தளம் வரை இறங்க வேண்டும். ஒருவர் இருமினால் அந்தக் காற்று அங்கேயே சுற்றாமல் வெளியே போய்விட வேண்டும். அதுதான் அவர் கணக்கு. ஆனால் வீடு கேட்டவர்கள் அதிகம், நிலம் கொஞ்சம். காலி இடத்தில் எல்லாம் இன்னொரு கட்டடத்தைச் செருகச் சொல்லி உத்தரவு வந்தது. மேலதிகாரியின் அறைக்குப் போய் ஒரு பாட்டம் பேசிப் பார்த்தார். தெருவில் கிடப்பவர்களுக்குக் காற்று ஒரு கேடா என்று பதில் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, அந்தக் கட்டடங்களையும் அவரே வரைந்தார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

குலுக்கலில் அவர் தங்கைக்கே அங்கே வீடு விழுந்தது, தரைத்தளத்தில். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் ஆற்றோரக் குடிசையில் தையல் மெஷினை நம்பிப் பிழைத்தவள். வீட்டில் ஜன்னல் இருந்தது. கையை நீட்டினால் எதிர்க் கட்டடத்துச் சுவர் இடித்தது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோர்ப்பாள். முதலில் மேல்வீட்டில் ஒருவர் இருமினார், பிறகு பக்கத்து வீட்டில் ஒருவர், பிறகு இவள். காசநோய். ஒரு வேளை விடாமல் மருந்து சாப்பிட்டுத் தேறினாள். அடுத்த வருஷமே மறுபடி வந்தது. மருந்து மட்டும் போதாது, அந்த வீட்டை விட்டு வெளியே வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தன் வீட்டுக்கு வரச் சொன்னார் அண்ணன். ஒற்றை அறை, அதில் சின்னப் பிள்ளைகள். வரவே மாட்டேன் என்றாள். அலையாய் அலைந்து, எட்டாவது மாடியில் வீட்டை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்த ஒரு குடும்பத்தைப் பிடித்தார். மேலே வெயிலும் காற்றும் போட்டி போட்டுக்கொண்டு வரும். ஆனால் லிப்ட் என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. அந்தக் குடும்பத்தில் மாமியாருக்கு மூட்டு வலி, மருமகள் இடுப்பில் கைக்குழந்தை. கீழே இறங்கினால் போதும் என்று இருந்தார்கள். டாக்டர் சொன்னதை அண்ணன் அவர்களிடம் மூச்சு விடவில்லை.

வீட்டைப் பார்க்க மருமகள் குழந்தையோடு வந்தாள். அன்றைக்கு ஜன்னல்காரரோடு நானும் அங்கே இருந்தேன். வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தங்கை உள்ளே இருந்தபடி பேசினாள்.

"குழந்தைய இங்க வெச்சுக்காதம்மா. எனக்கு இந்தச் சீக்கு வந்ததே இந்த வீட்டாலதான்."

அந்தப் பெண் படியேறிப் போய்விட்டாள். ஜன்னல்காரருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஊரான் புள்ளைக்காக நீ சாகப்போறியா?"

"நீ வரைஞ்ச வீடுதானேண்ணா. உனக்குத் தெரியாததா?"

குத்திக் காட்ட அவள் அதைச் சொல்லவில்லை; அண்ணனுக்குப் புரியும் என்று சொன்னாள். அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை. வேறு யாரும் வீடு மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் இருமி இருமியே போய்விட்டாள்.

வீட்டை வாரியத்திடம் ஒப்படைக்கும் நாளில், தையல் மெஷினைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். வாசலில் மூட்டை முடிச்சோடு அதே எட்டாவது மாடிக் குடும்பம் நின்றது. காலியான வீட்டைத் தங்களுக்குக் கேட்டு வாரியத்தில் உத்தரவு வாங்கியிருந்தார்கள். என் தங்கை சொன்னாளே, மறந்துவிட்டாயா என்று ஜன்னல்காரர் அந்த மருமகளிடம் கேட்டார்.

"மறக்கலைண்ணே. அக்கா நல்லவங்க, அவங்க சீக்கு என் புள்ளைக்கு ஒட்டிரக் கூடாதுன்னு சொன்னாங்க. இப்பதான் அவங்களே போயிட்டாங்களே. இனிமே வீடு என்ன பண்ணும்?"

சீக்கு அவளோடு வந்து அவளோடு போய்விட்டது என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் சுவரைக் காட்டினார், வெயிலைப் பற்றிச் சொன்னார், மேல்வீட்டுக்காரர் இன்னும் இருமுவதைச் சொன்னார். மாமியார் முட்டியைத் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, எட்டு மாடியை யார் ஏறுவது என்று மட்டும் கேட்டாள். ஜன்னல்காரர் சாவியைக் கொடுத்தார்.

மருமகள் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"இதத் திறந்து வெச்சா கொசு வருமாண்ணே?"

ஜன்னல்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வராதும்மா," என்றார். "எதுவுமே வராது."