தங்கபாய்க்கு ஆகாத காற்று

தங்கபாய் அக்கா எதையும் சட்டென்று முடிவு கட்டிவிடுவார். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் பாதியிலேயே எழுந்து போகிற ஆள். மகள் வீட்டு விஷயத்திலும் அப்படித்தான் முடிவு கட்டினார்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நானும் அவரும் வேலை பார்த்தோம். பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்து அடிக்கும் புளோரூமில், பஞ்சு படிந்து எங்களுக்குப் புருவம்கூட வெளுத்திருக்கும். ஷிப்ட் முடிந்ததும் தூசி இறங்கட்டும் என்று வெல்லக்கட்டியை வாயில் அதக்கிக்கொள்வோம். அதற்கு மேல் வைத்தியம் தெரியாது.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் ரெனிட்டாவை மலையடிவாரத்துக் கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போனால், திங்கள் காலை நேரே மில்லுக்கு வருவார். அன்று மத்தியானத்துக்குள் நெஞ்சு அடைக்கும். புதன்கிழமை ஆனால் குறைந்துவிடும்.

"மலைக்காத்து எனக்கு ஆகல, ஏட்டி. வேலைக்கு வந்தாத்தான் ஒடம்பு சரியாகுது" என்பார். லீவுக்கு மறுநாள் எங்கள் எல்லோருக்கும்தான் நெஞ்சு அடைத்தது. ஓய்வெடுத்தால் அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அக்கா மகள் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். கிறிஸ்மஸுக்கும் போகவில்லை. "எங்க வீட்டுக் காத்தே ஒனக்கு வெசம்னா, இனிமே வரவே வேண்டாம்மா" என்று ரெனிட்டா போனை வைத்தாள். அதன்பிறகு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அக்கா ஓவர்டைம் பார்க்க மில்லுக்குப் போனார். மற்ற நேரமெல்லாம் ஒற்றை அறையில் டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் படுத்துக் கிடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேசினாலே மூச்சு வாங்கத் தொடங்கியதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அக்கா மலைக்காத்தைப் பற்றி அவரிடம் சொன்னார்.

"மக வீட்டுல இருக்கும்போது மூச்சு முட்டியிருக்கா?" என்று கேட்டார்.

அக்கா வெகுநேரம் யோசித்தார். "அங்க ஒருநாளும் இல்லம்மா."

"அப்போ மலைக்காத்து இல்ல, பஞ்சுத்தூசி. லீவுல நெஞ்சு கொஞ்சம் தேறும். திரும்பத் தூசிக்குள்ள போனதும் இறுக்கிப் பிடிக்கும். இத்தனை வருசம் ஆயிட்டதால இனி முழுசா சரியாகாது. மில்லுக்குப் போகாதீங்க."

அன்றைக்கே கூமாப்பட்டிக்கு பஸ் ஏறினோம். ரெனிட்டா கதவைத் திறந்துவிட்டு உள்ளே திரும்பி நடந்தாள். உள்ளே பட்டப்பகலில் லைட் எரிந்தது. மலைப் பக்கத்து ஜன்னலைக் காணோம். அந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தது.

"இதை எப்ப ஏட்டி அடைச்ச?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி. காத்து வரலைன்னா நீ வருவேன்னு நெனச்சேன்மா. வந்து நீயே பாப்பேன்னுதான் சொல்லல."

அக்கா அந்தச் சுவரில் கைவைத்து அழுதார். அழக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை.